ஜப்பானில் கிறிஸ்துமஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவர்கள் மிகக் குறைவாக உள்ள ஜப்பானில் கிறிஸ்துமஸ் உண்மையிலேயே கொண்டாடப்படுகிறதா?

ஆம், கொண்டாடப்படுகிறது. ஜப்பானில் இன்று கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். டிசம்பர் 25 அங்கே அரசு விடுமுறை அல்ல. வார நாளாக இருந்தால் அலுவலகங்களும் வங்கிகளும் வழக்கம்போல இயங்கும். ஆனாலும் நவம்பரிலேயே நகரத் தெருக்களில் விளக்கு அலங்காரம் தொடங்கிவிடுகிறது. டிசம்பர் 24 மாலையில் கேக் கடைகளிலும் கோழி வறுவல் கடைகளிலும் வரிசை நீள்கிறது. குழந்தைகள் தூங்கிய பிறகு பெற்றோர் தலைமாட்டில் பரிசுப் பொருளை வைக்கிறார்கள்.

இவை எல்லாம் விளம்பரத்தின் வேலை என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. விளம்பரத்துக்கு இதில் பெரிய பங்கு இருப்பது உண்மையே. ஆனால் அந்த விளக்கம் ஏறத்தாழ கடைசி நூறாண்டுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஜப்பானில் இந்தத் திருநாளின் வரலாறு 1552-ல் தொடங்குகிறது. அதில் 250 ஆண்டுகளுக்கும் மேலாக, பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே பல ஆயிரம் உழவர்களும் மீனவர்களும் அதை மறைவாக அனுசரித்து வந்தார்கள். அந்தப் பகுதியை விட்டுவிட்டு ஜப்பானியக் கிறிஸ்துமஸைப் பற்றிப் பேசுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. ஆகவே இந்தப் பக்கத்தில் அவர்களுக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

முதல் கிறிஸ்துமஸ் எங்கே, யாரால் கொண்டாடப்பட்டது?

இந்தக் கதைக்கு நம் கடற்கரையோடு நேரடித் தொடர்பு உண்டு. கோட்டாற்றிலும் தூத்துக்குடிக் கரையோர ஊர்களிலும் இன்றும் பெரிதாகப் போற்றப்படும் புனித பிரான்சிஸ் சவேரியார், 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். உள்ளூர் மக்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். பின்னர் மலாக்காவுக்குச் சென்றவர், 1547-ல் அங்கே அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பே அவரை ஜப்பானை நோக்கித் திருப்பியது. 1549 ஆகஸ்ட் 15 அன்று, அஞ்சிரோவோடும் கோஸ்மே தே தோரஸ், யுவான் ஃபெர்னாண்டஸ் ஆகிய இயேசு சபையினரோடும் அவர் ககோஷிமாவில் கரையிறங்கினார். முத்துக்குளித்துறையில் கையாண்ட அதே முறையைத்தான் அங்கும் கையாண்டார். அஞ்சிரோ ஜப்பானிய மொழியில் பெயர்த்துக் கொடுத்ததை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, கூட்டத்தின் முன் வாசித்தார்.

மேற்கு ஜப்பானில் யமாகுச்சியை ஆண்ட ஓவுச்சி யோஷித்தாகா 1551-ல் அவருக்குப் போதிக்க அனுமதி அளித்தார். அதே ஆண்டின் இறுதியில் சவேரியார் ஜப்பானை விட்டுப் புறப்பட்டார். தோரஸ் அடிகளார் யமாகுச்சியில் தங்கினார். 1552 டிசம்பரில் அந்த ஊர்க் கிறிஸ்தவர்களை அழைத்து, இரவு முழுவதும் இயேசுவின் வாழ்க்கையை ஜப்பானிய மொழியில் வாசித்துக் காட்டி, பாட்டுத் திருப்பலி நிறைவேற்றினார்கள். ஜப்பானிய மக்கள் பங்கேற்ற முதல் கிறிஸ்துமஸ் என்று வரலாற்றில் பதிவானது அந்த இரவே. சவேரியார் அதே மாதம் 3-ஆம் தேதி சீனக் கடற்கரைக்கு அப்பால் ஷாங்சுவான் தீவில் இறந்திருந்தார். அந்தச் செய்தி யமாகுச்சிக்கு அதற்குள் எட்டியிருக்க வழியில்லை. யமாகுச்சி நகரம் இந்தத் தொடக்கத்தை மறக்கவில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் தன்னைக் கிறிஸ்துமஸ் நகரம் என்றே அழைத்துக்கொள்கிறது.

தடை வருவதற்கு முன் அது எந்த அளவுக்குப் பரவியிருந்தது?

கியூஷூ தீவில் நன்றாகவே பரவியிருந்தது. இன்றைய ஓயித்தா நகரமான ஃபுனாயில், 1560-களின் தொடக்கத்திலேயே கிறிஸ்துமஸ் இரவில் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் விவிலியக் கதைகளை நாடகமாக நடித்ததைக் குருக்களின் கடிதங்கள் சொல்கின்றன. ஆதாமும் ஏவாளும் கனி தின்ற கதை அவற்றுள் ஒன்று. 1560-களில் சாக்காய் துறைமுகத்தில் நடந்த நிகழ்ச்சியை லூயிஸ் ஃப்ரோயிஸ் என்ற போர்த்துக்கீசியக் குரு எழுதிவைத்திருக்கிறார். ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த இரு படைகளிலும் கிறிஸ்தவ சாமுராய்கள் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் ஒரே கூடத்தில் கூடி, திருப்பலி கண்டு, அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவைச் சேர்ந்து உண்டார்கள். உள்நாட்டுப் போர்களால் நாடு சிதறுண்டிருந்த காலத்தில் இது எளிய செய்தி அல்ல.

பிறகு ஏன் தடை செய்யப்பட்டது?

நாட்டை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தவர்களுக்கு, வெளிநாட்டுத் தலைமைக்குக் கட்டுப்பட்ட மதம் அச்சம் தந்தது. தொயோதோமி ஹிதேயோஷி 1587-ல் குருக்களை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அவருக்குப் பின் வந்த தொகுகாவா ஆட்சி 1612-ல் தன் நேரடிப் பகுதிகளிலும் 1614-ல் நாடு முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடை செய்தது. கியூஷூவின் கிறிஸ்தவ உழவர்கள் திரளாகப் பங்கேற்று 1637-ல் எழுந்த ஷிமாபாரா கிளர்ச்சிக்குப் பிறகு பிடி மேலும் இறுகியது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்; இயேசு அல்லது மரியாவின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதித்துக் காட்ட வேண்டும்; மறைந்திருப்பவர்களைக் காட்டிக்கொடுத்தால் பரிசு. 1644-ல் நாட்டில் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார்.

குருவும் கோயிலும் இல்லாமல் கிறிஸ்துமஸை எப்படிக் காத்தார்கள்?

நாள்காட்டியைக் காத்தார்கள், அதன் வழியாகத் திருநாளையும் காத்தார்கள். நாகசாகியைச் சுற்றியுள்ள ஊராகாமி, சோத்தோமே, கோத்தோ தீவுகள் ஆகிய இடங்களில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் மூன்று பொறுப்புகளை வகுத்துக்கொண்டார்கள். ஒருவர் ஞானஸ்நானம் கொடுப்பார். இன்னொருவர் செய்தி கொண்டுசெல்வார். எல்லோருக்கும் மேலே, திருநாட்களின் அட்டவணையை வைத்திருப்பவர் தலைவராக இருப்பார். எந்த நாள் திருநாள், எந்த நாள் ஒருசந்தி, எந்த நாளில் வயல் வேலை கூடாது என்பதை அவர் கணித்து, வீடு வீடாகத் தெரிவிக்கச் செய்வார். திருப்பலி நிறைவேற்றக் குரு இல்லாதபோது ஒரு சமூகத்தைக் கட்டிவைக்கக்கூடியது ஆண்டின் நாட்களைப் பற்றிய அறிவே என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். இந்த ஏற்பாட்டைப் போல நுட்பமான ஒன்று மறைந்து வாழ்ந்த சமூகங்களின் வரலாற்றில் அரிது.

சோத்தோமே பகுதியில் வழங்கிய அட்டவணை, பாஸ்தியன் என்ற ஜப்பானிய உபதேசியார் விட்டுச்சென்றது என்பது செவிவழி மரபு. அது 1634-ஆம் ஆண்டின் திருநாட்களை அடிப்படையாகக் கொண்டது. அதைத்தான் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து, சந்திர மாதக் கணக்குக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தினார்கள். அவர்கள் கிறிஸ்துமஸுக்குப் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த நத்தாரா என்ற பெயரையே வழங்கினார்கள். அது குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகும் நாளை ஒட்டி வந்தது. அந்த நாளில் அக்கம்பக்கத்து பௌத்த வீடுகளிலும் சிறப்பு உணவு உண்டு என்பதால், வெளியாருக்கு ஐயம் எழவில்லை. முந்திய இரவைப் பேறுகாலத்துக்குக் காத்திருக்கும் இரவாகக் கருதி, ஒரு வீட்டில் கூடி, ஓராஷோ என்னும் செபங்களை வாய்க்குள் முணுமுணுத்துச் சொன்னார்கள். லத்தீனும் போர்த்துக்கீசியமும் ஜப்பானியமும் கலந்த அந்தச் செபங்களின் பொருள் பலருக்குத் தெரியாமல் போயிருந்தது. ஆனாலும் தந்தையிடமிருந்து மகன் அவற்றைக் கேட்டே கற்றான்.

இதே உத்தியை நாகசாகித் துறைமுகத்தில் டச்சு வணிகர்களும் கையாண்டார்கள். 1641 முதல் தெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவில் அடைத்துவைக்கப்பட்டிருந்த அவர்கள், கிறிஸ்தவச் சடங்கு எதையும் வெளிப்படையாகச் செய்யக் கூடாது. எனவே டிசம்பர் விருந்தைக் குளிர்கால நாள் விருந்து என்று சொல்லி நடத்தினார்கள். ஜப்பானிய அதிகாரிகளும் அதற்கு டச்சுக்காரரின் தோஜி என்று பெயரிட்டார்கள். தோஜி என்பது பகல் மிகக் குறுகும் அந்த நாளின் பெயர்.

அவர்கள் இருப்பது வெளியுலகுக்கு எப்போது தெரிந்தது?

1865 மார்ச் 17 அன்று தெரிந்தது. துறைமுகங்கள் வெளிநாட்டினருக்குத் திறக்கப்பட்ட பிறகு, நாகசாகியின் ஓவூரா பகுதியில் வெளிநாட்டவரின் வழிபாட்டுக்கென்று பிரெஞ்சுக் குருக்கள் ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். அன்று நண்பகல் ஊராகாமி கிராமத்தார் சிலர் அதன் வாசலில் நின்றார்கள். பெர்னார் பெத்திழான் அடிகளார் கதவைத் திறந்து உள்ளே அழைத்துச்சென்று, நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட்டார். அப்போது ஒரு பெண் அவர் அருகே வந்து, தங்கள் நெஞ்சமும் அவருடைய நெஞ்சமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள். பிறகு மரியாவின் சுருபம் எங்கே என்று கேட்டாள்.

சுருபத்தைக் கண்டதும் அவர்கள் பேசிய முதல் செய்திகளுள் ஒன்று கிறிஸ்துமஸைப் பற்றியது. ஆண்டவர் பிறந்த விழாவைப் பனி மாதத்தின் 25-ஆம் நாளில் தாங்கள் கொண்டாடுவதாகவும், அவர் நள்ளிரவில் ஒரு தொழுவத்தில் பிறந்து, வறுமையிலும் துன்பத்திலும் வளர்ந்து, 33-ஆம் வயதில் நம்மை மீட்கச் சிலுவையில் மரித்தார் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும் சொன்னார்கள். இப்போது துயரத்தின் காலத்தில் இருக்கிறோம், உங்களுக்கும் இந்த நாட்கள் உண்டா என்று கேட்டார்கள். அது தவக்காலம், அவர்களுடைய கணக்கு சரியாகவே இருந்தது. ஒரு குருவின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஏழு தலைமுறைக்குப் பிறகும் கணக்குத் தவறவில்லை என்பதை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு நெகிழ்கிறது.

அதன் விலை கடுமையாக இருந்தது. தடை இன்னும் நீங்கியிருக்கவில்லை. தங்களை வெளிப்படுத்திக்கொண்ட ஊராகாமி மக்களை அரசு 1867 முதல் கைது செய்தது. 3,000-க்கும் மேற்பட்டோர் நாட்டின் பல மூலைகளுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களுள் 600-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. மேற்கு நாடுகளின் கண்டனத்துக்குப் பிறகு, 1873 பிப்ரவரியில் தடையை அறிவித்த பலகைகள் அகற்றப்பட்டன.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் இதை எப்போது கொண்டாடத் தொடங்கினார்கள்?

அதற்கும் 1873-ஆம் ஆண்டே முக்கியமானது, ஆனால் வேறொரு காரணத்தால். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜப்பான் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியது. அதுவரை புத்தாண்டு சந்திரக் கணக்கின்படி பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டி வந்தது. ஜனவரி 1-க்கு அது நகர்ந்ததும், ஆண்டு முடிவில் பரிசு வழங்கும் வழக்கமும், கடன் தீர்த்துக் கணக்கு முடிக்கும் வழக்கமும், நண்பர்கள் கூடி விருந்துண்டு அந்த ஆண்டை வழியனுப்பும் வழக்கமும் டிசம்பரின் கடைசி வாரங்களுக்கு வந்துசேர்ந்தன. கிறிஸ்துமஸ் அந்த வாரங்களின் நடுவில் வந்து அமர்ந்தது. இந்த ஒரு மாற்றம் நடந்திராவிட்டால் பின்னாளில் எந்த வணிகர் முயன்றிருந்தாலும் இந்தத் திருநாள் இவ்வளவு எளிதாக இடம்பிடித்திருக்காது என்பதே இதை எழுதுபவரின் உறுதியான கருத்து.

முதலில் அது சீர்திருத்த சபையினர் நடத்திய பள்ளிகள் வழியாகவும் ஞாயிறு பள்ளிகள் வழியாகவும் குழந்தைகளிடம் சென்றது. 1874-ல் ஹாரா தனேஆக்கி என்பவர் தோக்கியோவின் சுக்கிஜி பகுதியில் நடத்திய கிறிஸ்துமஸ் கூட்டம் அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. அவர் பழைய தொகுகாவா ஆட்சியில் காவல் அதிகாரியாக இருந்து அப்போதுதான் கிறிஸ்தவரானவர். அந்தக் கூட்டத்தில் தோன்றிய கிறிஸ்துமஸ் தாத்தா, சாமுராய்களின் கமிஷிமோ என்ற விறைத்த தோள் அங்கியை அணிந்து, இடுப்பில் நீளமும் குட்டையுமாக இரண்டு வாள்களைச் செருகியிருந்தார். பெருமதிப்புக்குரியவர் வருகிறார் என்றால் அன்றைய தோக்கியோவில் அப்படித்தான் வர முடியும். 1898-ல் வெளிவந்த ஒரு சிறுவர் நூலிலோ அவர் கழுதையோடு வரும் வடநாட்டு முதியவராக வரையப்பட்டிருந்தார். மான்கள் இழுக்கும் வண்டி அந்தப் படத்தில் இல்லை.

கடைத்தெருவுக்கு வந்தது அதன் பிறகே. வெளிநாட்டு உணவுப்பொருள் விற்ற மெய்ஜி-யா நிறுவனம் 1900-ல் தோக்கியோவின் கின்ஸா தெருவில் கடை திறந்து, டிசம்பரில் அலங்காரம் செய்தது. மற்ற கடைகளும் தொடர்ந்தன. ஆண்டு முடிவு விற்பனை ஏற்கெனவே இருந்தது. அதற்குப் புதிய தோற்றம் ஒன்று கிடைத்தது.

டிசம்பர் 25 ஒருபோதும் விடுமுறையாக இருந்ததில்லையா?

இருந்தது, ஆனால் கிறிஸ்துவின் பிறப்புக்காக அல்ல. தாய்ஷோ பேரரசர் 1926 டிசம்பர் 25 அதிகாலையில் காலமானார். மறைந்த பேரரசரின் நினைவு நாள் என்ற முறையில் 1927 முதல் 1947 வரை டிசம்பர் 25 நாடு முழுவதும் விடுமுறையாக இருந்தது. சட்டப்படி அது வழிபாட்டுக்கும் நினைவுகூரலுக்கும் உரிய நாள். நடைமுறையில், மறுநாள் வேலை இல்லை என்பதால் 24-ஆம் தேதி இரவு நகர மக்களின் கேளிக்கை இரவாக மாறியது. கின்ஸாவின் கஃபேக்களும் நடனக் கூடங்களும் அன்று நிரம்பி வழிந்தன. இன்றும் ஜப்பானில் 25-ஐ விட 24 மாலைக்கே முக்கியத்துவம் இருப்பதற்கு அந்த ஆண்டுகளும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். 1948-ல் விடுமுறை நாட்களுக்கான புதிய சட்டம் வந்தபோது அந்த விடுமுறை நீக்கப்பட்டது.

பின்னர் 1989 முதல் 2018 வரை, பேரரசர் அகிஹிதோவின் பிறந்த நாளான டிசம்பர் 23 விடுமுறையாக இருந்தது. அதுவும் கிறிஸ்துமஸ் சந்தைக்குத் துணை நின்றது. இப்போது அதுவும் இல்லை.

போர்க் காலத்தில் என்ன ஆயிற்று?

1937-ல் சீனாவோடு போர் மூண்ட பிறகு கேளிக்கைகள் ஒவ்வொன்றாகத் தடுக்கப்பட்டன. 1940-ல் தோக்கியோவின் நடனக் கூடங்கள் மூடப்பட்டன. எதிரி நாடுகளின் வழக்கம் என்ற பார்வையில் கிறிஸ்துமஸ் பொதுவெளியிலிருந்து மறைந்தது.

1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியின் மீது வீசப்பட்ட அணுகுண்டு, ஊராகாமி பேராலயத்திலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில் வெடித்தது. நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய மக்கள் தங்கள் கைகளால் கட்டத் தொடங்கி, பல்லாண்டுகள் உழைத்து முடித்த கோயில் அது. பங்கின் 12,000 கத்தோலிக்கர்களில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள். கோபுரங்களில் தொங்கிய இரண்டு மணிகளுள் ஒன்று உடைந்தது. மற்றொன்றை இடிபாட்டிலிருந்து உயிர் பிழைத்தவர்கள் தோண்டி எடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று, மரக்கம்புகளால் கட்டிய தாங்கியில் அதைத் தொங்கவிட்டு ஒலித்தார்கள். தோக்கியோவில் அமெரிக்கப் படையினர் ஜப்பானில் தங்கள் முதல் கிறிஸ்துமஸைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே இரவு அது. உடைந்த மணிக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் நிதி திரட்டி அளித்த மணி, குண்டு வீச்சின் 80-ஆம் நினைவு நாளான 2025 ஆகஸ்ட் 9 அன்று முதன்முறையாகப் பழைய மணியோடு சேர்ந்து ஒலித்தது.

கிறிஸ்துமஸ் கேக் எப்படி வந்தது?

யோக்கோஹாமாவில் 1910-ல் தொடங்கப்பட்ட ஃபுஜியா நிறுவனம் அந்த ஆண்டே கிறிஸ்துமஸ் கேக் விற்றது. அது மேற்கத்தியப் பாணியில் உலர்பழம் சேர்த்த கேக்காக இருந்தது. வாங்கியவர்கள் வசதியுள்ள சிலரே. இன்று நாம் காணும் வடிவம் வேறு. இரண்டு அடுக்கு மென்மையான முட்டைக் கேக், இடையிலும் மேலும் வெண்ணிறக் கிரீம், சுற்றிலும் முழு ஸ்ட்ராபெரிப் பழங்கள், நடுவே வாழ்த்து எழுதிய சாக்லேட் பட்டை, அதன் அருகில் சர்க்கரையால் செய்த சிறு தாத்தா. சிவப்பும் வெள்ளையும் ஜப்பானில் மங்கல நிறங்கள் என்பது இதன் வரவேற்புக்குத் துணை செய்தது.

இது எல்லோர் வீட்டுக்கும் வந்தது போருக்குப் பிறகுதான். 1952-ல் சர்க்கரைக் கட்டுப்பாடு நீங்கியது. அதுவரை இனிப்புக்கு ஏங்கியிருந்த தலைமுறைக்கு முழு வட்டக் கேக் என்பதே செல்வத்தின் அடையாளம். 1950-களில் ஆண்கள் கூம்புத் தொப்பி அணிந்து மதுக்கூடங்களில் கிறிஸ்துமஸ் இரவைக் கழித்தார்கள்; அந்தப் பத்தாண்டின் இறுதியில் வழக்கம் மாறி, தந்தை வேலை முடிந்து கேக் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் நாளாக அது ஆயிற்று. குளிர்சாதனப் பெட்டி பரவும் வரை வெண்ணெய்க் கிரீம்தான். பரவிய பிறகு பால் கிரீமும், பசுமைக் குடில்களில் விளைவித்த டிசம்பர் ஸ்ட்ராபெரியும் சாத்தியமாயின. கோடையை ஒட்டிப் பழுக்க வேண்டிய பழத்தை நடுக்குளிரில் பழுக்க வைக்க உழவர்கள் கற்றுக்கொண்டதற்கு இந்தக் கேக்கின் தேவை பெரிய தூண்டுதலாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு கே.எஃப்.சி. கோழி சாப்பிடுவது ஏன்?

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி, பதில் சிறியது. அந்த நிறுவனம் 1970-ல் ஜப்பானுக்கு வந்தது. 1974-ல் கிறிஸ்துமஸுக்குக் கோழி வறுவல் என்ற விளம்பரத்தை நாடு முழுவதும் செய்தது. வான்கோழி ஜப்பானில் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் அதை முழுதாகச் சுடும் அளவு அடுப்பு வீடுகளில் இல்லை. கேக் இருந்தது, ஆனால் அந்த இரவுக்கென்று உணவு இல்லாமல் இருந்தது. அந்த வெற்றிடத்தை விளம்பரம் நிரப்பியது. இப்போது பல வாரங்கள் முன்பே பதிவு செய்துகொள்கிறார்கள். கடை வாசலில் நிற்கும், நிறுவனர் கர்னல் சாண்டர்ஸின் சிலைக்கு டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு உடை அணிவிக்கப்படுகிறது. ஆனால் எல்லோரும் அங்கேதான் வாங்குகிறார்கள் என்பது மிகை. எலும்பு நுனியில் வெள்ளித்தாள் சுற்றிய கோழிக்கால்கள் அன்று எல்லாப் பல்பொருள் அங்காடிகளிலும் அடுக்கப்பட்டிருக்கும்.

அது காதலர் நாளாக மாறியது எப்படி?

1980-களின் செழிப்புக் காலத்தில் மாறியது. இளைஞர் இதழ்களும் பாடல்களும் தொலைக்காட்சி விளம்பரங்களும் 24-ஆம் தேதி இரவை இருவர் சேர்ந்து கழிக்க வேண்டிய இரவாகச் சித்தரித்தன. ஜே.ஆர். டோக்காய் ரயில் நிறுவனம் 1980-களின் இறுதியில் ஒளிபரப்பிய விளம்பரங்களில், கிறிஸ்துமஸ் இரவில் நிலைய நடைமேடையில் ஒரு பெண் காத்திருப்பாள். ரயிலிலிருந்து அவளுடைய காதலன் இறங்குவான். விடுதி அறைகளும் உணவக மேசைகளும் மாதக்கணக்கில் முன்பதிவாயின.

அந்தக் காலத்துக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 25-ஆம் தேதிக்குப் பிறகு கேக் விலைபோகாது என்பதை வைத்து, 25 வயதைக் கடந்தும் மணமாகாத பெண்களைக் கிறிஸ்துமஸ் கேக் என்று குறிப்பிட்டார்கள். பெண்களின் வாழ்க்கையை இவ்வளவு மலிவாக எடைபோட்ட சொல் வழக்கிழந்தது நல்லதே. 1990-களின் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு ஆடம்பரம் தணிந்து, குடும்பமும் நண்பர்களும் கூடும் மாலையாக அது மீண்டும் விரிந்தது.

தெரு விளக்குகளும் இந்தக் காலத்தில்தான் பெருகின. செந்தாய் நகரம் 1986 முதல் தன் சாலையோர மரங்களுக்கு விளக்கிடுகிறது. கோபே நகரின் லூமினாரியே விளக்கு விழா, 1995 ஜனவரி நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் நினைவாக அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் அது ஜனவரிக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

கிறிஸ்துமஸ் பரவியது போல உயிர்ப்புப் பெருவிழா ஏன் பரவவில்லை?

உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுகிறது. அந்த வாரங்களில் ஜப்பானியருக்கு ஓய்வே இல்லை. பள்ளி ஆண்டும் நிதியாண்டும் ஏப்ரல் 1-ல் தொடங்குகின்றன. இடையில் செர்ரிப் பூக்களைக் காணும் நாட்கள். 2010-களில் கேளிக்கைப் பூங்காக்களும் இனிப்பு நிறுவனங்களும் முட்டை, முயல் உருவங்களோடு முயன்றும் அது வேர்பிடிக்கவில்லை. மற்றொரு காரணமும் உண்டு. குழந்தை, பரிசு, குளிர்கால விளக்கு ஆகியவை நம்பிக்கை இல்லாதவருக்கும் பொருள்படும். சிலுவையும் உயிர்ப்பும் நம்பிக்கையிலிருந்து பிரிக்க முடியாதவை.

கிறிஸ்துமஸ் மரம் புத்தாண்டு வரை இருக்குமா?

இராது. 25-ஆம் தேதி இரவோடு கடைகள் அலங்காரத்தை அகற்றிவிடும். மறுநாள் காலையில் அதே வாசலில் மூங்கிலும் பைன் கிளையும் கட்டிய கதோமாட்சு நிற்கும். குடும்பம் முழுவதும் ஊர் திரும்பிக் கூடுவது, முன்னோரை நினைப்பது, கோயிலுக்குச் செல்வது எல்லாம் புத்தாண்டுக்கு உரியவை. கிறிஸ்துமஸ் அதன் இடத்தைக் கேட்கவில்லை. அதனால்தான் எதிர்ப்பும் எழவில்லை.

ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் இந்தக் கொண்டாட்டத்தை எப்படிப் பார்க்கிறார்கள்?

பெரும்பாலான கோயில்கள் அதை வாசல் திறக்கும் வாய்ப்பாகவே பார்க்கின்றன. ஆண்டு முழுவதும் கோயில் பக்கம் வராதவர்கள்கூட 24 இரவு பாடல் கேட்கவும் மெழுகுவத்தி ஏந்தவும் வருகிறார்கள். அவர்களுக்கென்று பாடல் தாள்களையும் வழிபாட்டு விளக்கத்தையும் முன்கூட்டியே அச்சிட்டு வைக்கிறார்கள். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் வழியினரில் பெரும்பாலோர் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பினார்கள். திரும்பாமல் முன்னோரின் முறையையே தொடர்ந்தவர்களும் உண்டு. இகிட்சுகி தீவில் அவர்களுள் சிலர் இன்றும் ஓராஷோ செபங்களைச் சொல்கிறார்கள், ஆனால் அவர்களின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவருகிறது. அந்த மக்கள் வாழ்ந்த கிராமங்களும் ஓவூரா பேராலயமும் 2018-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

டிசம்பரில் ஜப்பானில் இருக்கும் தமிழர் திருப்பலிக்கு எங்கே செல்லலாம்?

தோக்கியோவில் யோட்சுயா நிலையத்துக்கு எதிரில், இயேசு சபையினரின் சோஃபியா பல்கலைக்கழகத்தை ஒட்டி, புனித இஞ்ஞாசியார் கோயில் இருக்கிறது. அங்கே ஜப்பானிய மொழியோடு ஆங்கிலத்திலும் திருப்பலி உண்டு. 24 மாலை கூட்டம் மிகுதி என்பதால் நேரத்தோடு செல்வது நல்லது. 25 வேலை நாளாக இருந்தால் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். நாகசாகிக்குப் போக முடிந்தவர்கள் ஊராகாமி பேராலயத்துக்கும், படகேறிக் கோத்தோ தீவுகளின் சிறு மரக்கோயில்களுக்கும் செல்லலாம். அவை இன்றும் பங்கு மக்கள் செபிக்கும் இடங்கள். பலவற்றில் உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, சிலவற்றைப் பார்க்க முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும்.